நாயனம் நடுங்குது: ஒரு லென்கோ எல்75 ரிப்பேர் கதை

"தம்பி, தட்டு சுத்துது, பாட்டும் வருது, ஆனா நாயனம் நடுங்குது. அந்த மனுசன்ர நாயனம் நடுங்காது, எனக்குத் தெரியும்."

மெஷின மேசைல எறக்கி வச்சதும் ஐயா சொன்ன மொத வார்த்தை இதான். அந்த மனுசன்னு அவர் சொன்னது நாதஸ்வர மேதை டி.என்.ராஜரத்தினம் பிள்ளைய. கையோட ஒரு துணிப்பைல நாலஞ்சு 78 ஆர்பிஎம் (நிமிசத்துக்கு 78 சுத்து) தட்டும் கொண்டு வந்திருந்தாரு, அதுல ஒண்ணு தோடி ராகம். இருபது வருசமா ஆம்ப்ளிஃபயர், டேப் டெக், ரெக்கார்டு பிளேயர்னு பாத்துட்டு இருக்கேன், கம்ப்ளைன்ட இவ்வளவு துல்லியமா சொல்ற ஆளுங்க ரொம்ப கம்மி. "சவுண்ட் சரியில்ல", "கரகரங்குது" இவ்ளோதான் வழக்கமா வரும். இவரு எது ஆடுது, எது ஆடக்கூடாதுன்னு ரெண்டையும் சேத்து சொல்லிட்டாரு, பாதி வேல அங்கயே முடிஞ்ச மாதிரி.

ஐயா யாழ்ப்பாணத்துக்காரர், 90ல இருந்து திருச்சில இருக்காரு. தட்டுங்க எல்லாம் அவரோட அப்பா வாங்குனது. மகள் சுவிட்சர்லாந்துல பெர்ன் பக்கம் இருக்காங்க, அவங்கதான் அங்க ஒரு பழைய சாமான் கடைல இந்த டர்ன்டேபிள பாத்து, அப்பாவோட தட்டு போட ஆகும்னு வாங்கி, லீவுக்கு வரும்போது தூக்கிட்டு வந்திருக்காங்க. இது லென்கோ எல்75. இத செஞ்ச ஊரு பர்க்டோர்ஃப், அதுவும் அதே பெர்ன் மாநிலம்தான், ஆக பிறந்த எடத்துக்குப் பக்கத்துல இருந்தே கெளம்பி வந்திருக்கு. ஃப்ரிட்ஸ் லேங், மேரி லேங்னு ஒரு தம்பதி 1946ல ஆரம்பிச்ச கம்பெனி, அவங்க பேர்ல இருந்து வந்ததுதான் லென்கோங்கற பேரு. எல்75 அறுபதுகளோட கடைசில வந்த மாடல், இங்கிலாந்துல இதையே கோல்ட்ரிங் லென்கோ ஜிஎல்75னு வித்தாங்க. ரெக்கார்ட வைக்கிற சுழல் தட்டு மட்டும் கிட்டத்தட்ட 4 கிலோ, அத மகள் தனியா கழட்டி ஹேண்ட் லக்கேஜ்ல வச்சு கொண்டு வந்தது புத்திசாலித்தனம், அதோட சேத்து பெட்டில போட்டிருந்தா நடு பேரிங் அங்கயே போயிருக்கும். பழைய டர்ன்டேபிள் அனுப்பறவங்க வாங்கறவங்க எல்லாரும் இத மனசுல வச்சுக்கணும்.

இந்த மெஷின ஏன் விட மனசு வரல, வேற ஒண்ணு வாங்கிக்கோங்கன்னு ஏன் சொல்லலன்னா, அதுக்கு இதோட வேகம் மாத்துற முறைதான் காரணம். மத்த பிளேயர்ல 33, 45, 78னு படிக்கட்டு மாதிரி இருக்கும். லென்கோல மோட்டார் படுத்த வாக்குல இருக்கும், அதோட தண்டு கூம்பு மாதிரி, ஒரு பக்கம் தடிமன் ஒரு பக்கம் மெலிசு. அந்த கூம்புக்கும் மேல சுத்தற தட்டோட அடிப்பக்கத்துக்கும் நடுவுல ரப்பர் விளிம்பு வச்ச ஒரு சக்கரம் நிக்கும், அதான் ஐட்லர். லிவர நகத்துனா ஐட்லர் கூம்பு மேல இந்தப் பக்கம் அந்தப் பக்கம் போகும், தடிமனான எடத்துக்குப் போனா வேகம் கூடும், மெலிசுக்கு வந்தா குறையும். நடுவுல எங்க வேணா நிறுத்தலாம், 76, 77.5, 80 எதுன்னாலும். பழைய தட்டு கேக்கறவங்களுக்கு இது எவ்வளவு பெரிய விசயம்னு பின்னால சொல்றேன்.

சரி, நோய் என்னன்னு பாத்தது எப்படி.

எந்த பழைய மெஷின் வந்தாலும் நான் மொதல்ல ஸ்க்ரூ டிரைவர எடுக்க மாட்டேன், ஓட விட்டு கேப்பேன். தோடியப் போட்டேன். நடுக்கம் இருந்துச்சு, தெளிவாவே. ஆனா ஒரு நடுக்கம் இல்ல, ரெண்டு. ஒண்ணு மெதுவா அலை மாதிரி, நாயனம் நீட்டிப் பிடிக்கிற எடத்துல சுருதி லேசா மேல போயி கீழ வர்றது. இன்னொண்ணு சத்தமான எடத்துல மட்டும் ஒரு கொரகொரப்பு, ஈயம் பூசாத பாத்திரத்த தரையில இழுத்த மாதிரி. ரெண்டும் கலந்து வந்தா காதுக்கு ஒரே நடுக்கமாத்தான் தெரியும். இத பிரிக்காம வேலைல எறங்குனா ஒண்ண சரி பண்ணிட்டு இன்னொண்ணு போகலயேன்னு தலைய பிச்சுக்கணும்.

அலைக்கு ஒரு எளிமையான சோதனை இருக்கு. தட்டு ஓரத்துல சாக்பீஸ்ல ஒரு கோடு போட்டு, அந்தக் கோடு கண்ணு முன்னாடி வர்றப்பல்லாம் விரல்ல தட்டிக்கிட்டே அலைய எண்ணுங்க. தட்டு ஒரு சுத்து வர்றதுக்கு ஒரே ஒரு அலைன்னா ரெக்கார்டு ஓட்டை நடு மையத்துல இல்ல, இல்லாட்டி தட்டுதான் கோணல். ஒரு சுத்துக்குள்ள பல தடவ வந்தா ஐட்லர், ஏன்னா அது சின்ன சக்கரம், தட்டு ஒரு தடவ சுத்தறதுக்குள்ள அது பல சுத்து வந்துடும். விடாம ஒரே ரீங்காரம்னா மோட்டார். இங்க ஒரு சுத்துக்குள்ள மூணுக்கு மேல அலை வந்துச்சு. அப்ப ஐட்லர்தான்.

கொரகொரப்புக்கு ஆர்ம, அதாவது முள்ளத் தாங்குற நீளக் கைய, விரல் நுனியால லேசா முன்னும் பின்னும் அசைச்சுப் பாத்தேன், கடகடன்னு ஆடுச்சு. ஆடவே கூடாது. ஆர்ம் மேல கீழ போகலாம், பக்கவாட்டுல திரும்பலாம், ஆனா உக்காந்த எடத்துல லூசா இருக்கக் கூடாது.

எல்75 ஆர்ம் உக்கார்ற விதம் தெரிஞ்சாத்தான் மிச்ச கதை புரியும். நகைக்கடைல பழைய தராசு பாத்திருப்பீங்க, நடுக்கம்பு ஒரு கத்தி முனை மேல சும்மா உக்காந்திருக்கும், ஆணியும் கிடையாது திருகும் கிடையாது, அதனாலதான் குந்துமணி எடைக்கும் சாயும். இதுலயும் அதே சங்கதி. ஆர்மோட ரெண்டு பக்கமும் கத்தி மாதிரி விளிம்பு, அது ரெண்டு சின்னத் துண்டுல வெட்டியிருக்கற பள்ளத்துல உக்காரும். இங்கிலீஷ் எழுத்து வி மாதிரி இருக்கறதால அதுக்கு வி பிளாக்னு பேரு. அந்தத் துண்ட அப்ப ஒரு மாதிரி ரப்பர் கலந்த மெதுவான பொருள்ல செஞ்சிருந்தாங்க. ஐம்பது வருசத்துக்கு மேல எந்த ரப்பரும் நிக்காது, அது செஞ்சவங்க தப்பும் இல்ல, அவங்க பத்து பதினஞ்சு வருசத்துக்குத்தான் செஞ்சிருப்பாங்க. உலகத்துல இருக்கற எல்75ல பெரும்பாலும் மொதல்ல போறது இந்த ரெண்டு துண்டுதான். காஞ்ச ரொட்டி மாதிரி உதிர்ந்துடும், கத்தி விளிம்பு அடில இருக்கற உலோகத்துலயே மோத ஆரம்பிக்கும்.

இங்க உதிர்ந்தது போக இன்னொரு பிரச்சனையும் இருந்துச்சு. ஐயா எங்கிட்ட வர்றதுக்கு முன்னாடி வேற ஒரு கடைல காட்டியிருக்காரு, அங்க உதிர்ந்த தூளையும் மிச்சத் துண்டையும் க்விக் கம் ஊத்தி ஒட்டிக் குடுத்துட்டாங்க. எனக்கு அத பாத்ததும் வயிறு எரிஞ்சுச்சு. கம் காஞ்சு கல்லு மாதிரி ஆயி, ஒரு பக்க கத்தி விளிம்பு அந்தக் கல்லு மேல ஏறி நிக்குது, இன்னொரு பக்கம் உலோகத்துல எறங்கி நிக்குது, அதனால ஆர்மே ஒரு பக்கமா சாஞ்சிருக்கு. முள்ளு பள்ளத்துல நேரா நிக்காம கோணலா நின்னு ஒரு சுவத்த மட்டும் தேச்சிட்டு இருந்திருக்கு. அந்த மாதிரி எத்தன தட்டு ஓடுச்சோ. தயவு செஞ்சு, ஆடுற எடத்துல, உரசுற எடத்துல பசை ஊத்தாதீங்க. கழட்ட முடியாத மாதிரி எதையும் பண்ணாதீங்க. தெரியலன்னா அப்படியே திருப்பிக் குடுக்கறதுதான் பெரிய உதவி.

அந்த கம்ம எடுக்க மட்டும் ஒரு முழு நாள் ஆச்சு. பஞ்சு நுனில அசிட்டோன் தொட்டுத் தொட்டு வச்சு, கொஞ்சம் இளகுனதும் பல் குத்துற மூங்கில் குச்சியால சுரண்டி, திரும்ப வச்சு. இரும்புக் கத்தி வச்சா அரை மணி நேரத்துல முடியும், ஆனா அந்த கத்தி விளிம்புல ஒரு கீறல் விழுந்தா அதுக்கு மருந்தே கிடையாது. துண்டு போனா துண்டு செஞ்சுக்கலாம், விளிம்பு போனா ஆர்மே போச்சு. லென்ஸ் வச்சுப் பாத்தப்ப விளிம்பு ரெண்டும் நல்லா இருந்துச்சு, அப்பதான் மூச்சே வந்துச்சு.

இப்ப துண்டு எங்க வாங்கறது? வெளிநாட்டுல இத புதுசா செஞ்சு விக்கறவங்க இருக்காங்க. ஆனா தபால் செலவு, கஸ்டம்ஸ், ஒரு மாசம் காத்திருக்கறது, அது வந்தப்புறம் உயரம் பொருந்தலன்னா திரும்ப அதே கூத்து. நான் செய்யலாம்னு முடிவு பண்ணேன். ஆனா எதப் பாத்து செய்யறது, ஒரிஜினல் தூளா கெடக்கு, அளவே எடுக்க முடியாது. இந்த எடத்துலதான் நெறைய பேரு மாட்டிக்குவாங்க, பழைய பார்ட்டு எப்படி இருந்துச்சுன்னு தேடிக்கிட்டே இருப்பாங்க. நான் அத விட்டுட்டு, இந்தத் துண்டு என்ன வேல செய்யுதுன்னு ஒரு பேப்பர்ல எழுதி வச்சேன். ஒண்ணு, ஆர்ம சரியான உயரத்துல தாங்குது. ரெண்டு, ரெண்டு பக்கத்தையும் ஒரே மட்டத்துல வைக்குது. மூணு, விளிம்பு பக்கவாட்டுல நழுவாம பள்ளத்துல பிடிச்சுக்குது, ஆனா சாயறதுக்கு எடம் விடுது. நாலு, முள்ளுல இருந்து ஆர்ம் வழியா வர்ற அதிர்வ கொஞ்சம் குடிச்சுடுது. இந்த நாலும் நடந்தா அது வி பிளாக், ஒரிஜினல் மாதிரி இருக்கணும்னு அவசியமில்ல.

மொதல் மூணும் வடிவத்துல இருந்து வரும், நாலாவது பொருள்ல இருந்து வரும். எனக்கு நாலாவதுதான் ரொம்ப நேரம் ஓடுச்சு.

மொதல்ல பித்தளைல செஞ்சேன். பக்கத்துல இருக்கற லேத் பட்டறை அண்ணன்கிட்ட துண்டு வாங்கி, அரத்துல கையாலயே பள்ளம் போட்டு, உப்புத்தாள்ல மழுங்க வச்சு பாத்தேன். ஆர்ம் அருமையா ஆடுச்சு, உராய்வே இல்ல. தட்டு போட்டதும் சத்தமான எடத்துல அதே கொரகொரப்பு, முன்னவிட சன்னமா, ஆனா இருக்கு. உலோகத்து மேல உலோகம், ரெண்டும் கல்லு மாதிரி, விளிம்பு பள்ளத்துக்குள்ள துள்ளுது. அதிர்வு போக வழியில்ல. 78 தட்டுல பள்ளம் பெருசு, அசைவும் முரட்டுத்தனமா இருக்கும், எல்பிய, அதாவது பின்னால வந்த 33 ஆர்பிஎம் வினைல் தட்ட விட இதுல துள்ளல் சட்டுனு தெரியும். இதே பித்தளைத் துண்ட போட்டு மெதுவான ஒரு எல்பி கேட்டிருந்தா பிரமாதம்னு சொல்லி அனுப்பியிருப்பேன். எந்தத் தட்டுக்கு மெஷின் வேணுமோ அந்தத் தட்ட போட்டுதான் சோதிக்கணும்.

அடுத்தது பிளாஸ்டிக். பட்டறைல நைலான் ராடும் கெடைக்கும், டெல்ரின் ராடும் கெடைக்கும், பாத்தா ரெண்டும் வெள்ளை, ரெண்டும் ஒண்ணு மாதிரி. அண்ணன் நைலானே போதும்பான்னாரு. ஆனா நைலான் காத்துல இருக்கற ஈரத்த குடிக்கும், குடிச்சா உப்பும். காவிரிக் கரைல ஐப்பசி கார்த்திகைல காத்து எப்படி இருக்கும்னு தெரியும்ல, அந்த ஈரத்துல ரெண்டு துண்டும் ஒரே அளவா உப்பும்னு யாரு உறுதி குடுக்கறது. டெல்ரின், அதாவது அசிட்டால், ஈரத்த ரொம்ப கம்மியாத்தான் எடுக்கும், வெட்டவும் சுத்தமா வரும், தானாவே வழவழன்னு இருக்கும், உலோகத்த விட அதிர்வையும் நல்லா அடக்கும். அதனால டெல்ரின்.

ரெண்டு துண்ட தனித்தனியா செய்யலாம்னு போனா கண்டிப்பா ஒண்ணு தூக்கலா வரும். அதனால ஒரே நீளத் துண்டுல ஒரே ஓட்டமா பள்ளம் போட்டு, அப்புறமா ரெண்டா வெட்டுனோம். அப்ப பள்ளத்தோட ஆழம் ரெண்டுலயும் ஒண்ணுதான், வேற வழியே இல்ல. பள்ளத்தோட கோணம் கத்தி விளிம்போட கோணத்த விட நல்லா விரிஞ்சிருக்கணும், இல்லாட்டி ஆர்ம் சாயும்போது விளிம்போட பக்கம் சுவத்துல இடிக்கும். அடி நுனிய ரொம்ப கூர்மையா விடாம ஒரு நூல் இழை அளவு உருட்டி விட்டோம். உயரத்த மட்டும் வேணும்னே கொஞ்சம் கூடுதலா வச்சோம், ஏன்னா தேச்சு குறைக்கலாம், கூட்ட முடியாது. அப்புறம் கண்ணாடிப் பலகை மேல உப்புத்தாள் விரிச்சு, துண்டோட அடிப்பக்கத்த நாலு தேய்ப்பு, பொருத்திப் பாரு, திரும்ப நாலு தேய்ப்பு. ஆர்ம் தட்டுக்கு இணையா, முள்ளு தலை நேரா நிக்கற வரைக்கும். முள்ளுக்குக் கீழ ஒரு சின்ன கண்ணாடித் துண்ட வச்சு, நெசமும் நிழலும் ஒரே கோட்டுல நிக்குதான்னு பாத்தா சாய்வு துல்லியமா தெரிஞ்சுடும், அதுக்கு எந்தக் கருவியும் வேண்டாம்.

கொரகொரப்பு போச்சு. முழுசாவே போச்சு.

ஆனா அலை இன்னும் இருக்கு. இப்ப ஐட்லர்.

ஐட்லர் பத்தி ஒரு விசயம் தெரிஞ்சுக்கணும், இது தெரியாமத்தான் பலரு பயந்து போயி வேலைல கையே வைக்க மாட்டாங்க. ஐட்லர் பெருசா சின்னதாங்கறதுக்கும் தட்டோட வேகத்துக்கும் சம்பந்தமே கிடையாது. மோட்டார் தண்டோட மேற்பரப்பு என்ன வேகத்துல போகுதோ அத அப்படியே வாங்கி தட்டுக்குக் குடுக்கறதுதான் அதோட வேல, கைமாத்து வாங்கி குடுக்கறவன் மாதிரி, நடுவுல எதுவும் கூடாது குறையாது. அதனால புது ரப்பர் போட்டு விட்டத்துல அரை மில்லி கூடுனாலோ குறைஞ்சாலோ வேகம் போச்சேன்னு அலற வேண்டாம். ஆனா வட்டம் கெட்டுச்சுன்னா எல்லாம் போச்சு. சக்கரத்தோட ஆரம் சுமார் 30 மில்லின்னு வச்சுக்குங்க, அச்சு மையத்துல இருந்து வெறும் 0.05 மில்லி தள்ளி இருந்தாக்கூட, ஒரு பக்கம் மோட்டார் தண்ட தொடுற எடத்துல 30.05, எதிர்ப்பக்கம் தட்ட தொடுற எடத்துல 29.95னு ஆகும், அரைச் சுத்து போனா அப்படியே தலைகீழ். வேகம் 0.33 சதவீதம் குறைஞ்சு, அடுத்து அதே அளவு கூடும். அரைக்கட்டைங்கறது கிட்டத்தட்ட 6 சதவீதம், அதுல பதினெட்டுல ஒரு பங்கு இந்த ஆட்டம். கச்சேரி மெட்டு வேகமா போற எடத்துல யாருக்கும் தெரியாது. தோடில காந்தாரத்த ஆட்டுற எடத்துல கூட ஒளிஞ்சுக்கும். பஞ்சமத்துல நீட்டி நிக்கும்போது மாட்டிக்கும். ஐயா காது பிடிச்சது இததான்.

நம்ம ஐட்லர் ரப்பர் பளபளன்னு கண்ணாடி மாதிரி இறுகிப் போயிருந்துச்சு, நகத்தால அழுத்துனா தழும்பே விழல, ஒரு எடத்துல தட்டையா வேற ஆயிடுச்சு. ரொம்ப வருசம் ஓடாம ஒரே எடத்துல அழுந்திக் கெடந்திருக்கணும். லேசா தேச்சு எடுக்கலாம்னு மொதல்ல பாத்தேன், தட்டைப் பள்ளம் போறதுக்குள்ள ரப்பரே முடிஞ்சுடும்னு தெரிஞ்சுச்சு.

நம்ம ஊர்ல இதுக்கு ஆளே இல்லன்னு நெனைக்காதீங்க. பிரிண்டிங் பிரஸ் ரோலருக்கு ரப்பர் கட்டித் தர்றவங்க இருக்காங்க, அச்சுத் தொழில் நடக்கற எல்லா ஊர்லயும், சிவகாசி பக்கம் கேக்கவே வேணாம். அவங்களுக்கு இரும்பு ராடுல ரப்பர ஒட்டி வேக வச்சு கடைஞ்சு எடுக்கறது தெனசரி வேல. கடினத்த ஷோர் ஏ கணக்குல சொன்னா அதே நம்பர்ல தருவாங்க. நம்ம சக்கரத்த பாத்துட்டு மொதல்ல சிரிச்சாங்க, மூணு அடி நீள ரோலர் கட்டற எடத்துல உள்ளங்கைல அடங்கற சக்கரம். ஆனா எதுக்குன்னு சொன்னதும் அந்தப் பெரியவர் ஆர்வமாயி, சாதா ரப்பர் வேண்டாம், மோட்டார் எண்ணெய் ஒரு சொட்டு பட்டா வீங்கிடும், நைட்ரைல் போட்டுக்கலாம்னு அவரே சொன்னாரு. கடினம் 50 பக்கம் கேட்டேன். ரொம்ப மெதுவா போட்டா அமுங்கி இழுக்கும், ரொம்ப கடினமா போட்டா மோட்டார் அதிர்வு அப்படியே தட்டுக்கு ஏறும்.

ஒட்டி வந்த ரப்பர கடையறதுலதான் சூட்சுமம். லேத் சக்குல சக்கரத்த பிடிச்சு கடைஞ்சா, சக்கு எந்த மையத்துல பிடிக்குதோ அந்த மையத்துக்குத்தான் வட்டமா வரும். சக்கரம் ஓடப்போறது அதோட சொந்த புஷ்லயும் அச்சுலயும். ரெண்டு மையமும் ஒண்ணா இருக்கும்னு எந்த உத்தரவாதமும் கிடையாது. அதனால அதே அச்சுல மாட்டி, அச்ச ஒரு கட்டைல நிறுத்தி, சின்ன கிரைண்டிங் கல்ல மெதுவா ஓட்டி ரப்பர் மேல தொட்டும் தொடாம விட்டோம். கல்லு உரசற வேகத்துல சக்கரம் தானா சுத்தும், விரலால லேசா தடுத்துப் பிடிச்சுக்கணும். ஒவ்வொரு தடவையும் ஒரு மயிரிழை. ரப்பர் சூடாச்சுன்னா உப்பும், உப்புனத கடைஞ்சா ஆறுனப்புறம் அங்க பள்ளம் விழும், அதனால ரெண்டு நிமிசம் கடைஞ்சா பத்து நிமிசம் டீ. சாயங்காலம் டயல் கேஜ் வச்சப்ப முள்ளு ஒரு கோட்டுக்குள்ளயே நின்னுச்சு, அந்த கேஜ்ல ஒரு கோடு 0.01 மில்லி. ஓரத்த பழைய மாதிரியே சரிவா சீவி, தட்ட தொடுற எடம் மெல்லிசா இருக்கற மாதிரி விட்டோம். அகலமா விட்டா சக்கரத்தோட ரெண்டு ஓரமும் தட்டுல ரெண்டு வேற வேற வேகத்துல இழுபடும், ரப்பர் சீக்கிரம் தேயும்.

மிச்ச வேலைய சுருக்கமா சொல்லிடறேன். நடு பேரிங்ல பழைய எண்ணெய் பிசினாயிருந்துச்சு, கழுவி புது எண்ணெய். ஸ்விட்ச் மேல இருந்த பழைய கண்டன்சர எடுத்துட்டு எக்ஸ்2 வகை போட்டேன், மெயின்ஸ்ல நிக்கற எடத்துல சாதா கண்டன்சர் போடவே கூடாது. எர்த் வயர் புதுசு. ஆர்மோட பின் வெயிட்ட தாங்குற ரப்பரும் தொங்கியிருந்துச்சு, அதையும் மாத்துனேன். தட்டோட அடிப்பக்கம், ஐட்லர் ஓடற பாதைய சுத்தமா துடைச்சேன், அங்க விரல் எண்ணெய் பட்டாலே வழுக்கும்.

முள்ளு தனி கதை. எல்பி முள்ளோட நுனி ஆரம் 18 மைக்ரான் பக்கம், 78 தட்டுக்கு 65ல இருந்து 75 மைக்ரான் வேணும். எல்பி முள்ள 78ல வச்சா பள்ளத்தோட அடில கெடக்கற அழுக்குலயும் சிராய்ப்புலயும் உருண்டுட்டு போகும், பாட்டு சுவத்துலல்ல இருக்கு. இதுல இருந்த கார்ட்ரிஜ், அதாவது முள்ளோட அசைவ கரண்டா மாத்தற தலை, ஷ்யூர் எம்44. ஷ்யூர் கம்பெனி 2018ல கார்ட்ரிஜ் செய்யறதையே நிறுத்திட்டாங்க, ஆனா ஜப்பான்ல ஜிகோ மாதிரி கம்பெனி அதுக்கு மாத்து முள்ளு செய்யறாங்க, 78க்கான பெரிய முள்ளும் கெடைக்குது. ஐயாகிட்ட ரெண்டு வாங்கி வச்சுக்க சொன்னேன். கார்ட்ரிஜ்ல இடது வலது ரெண்டு சானலையும் ஒண்ணா சேத்து மோனோவா கட்டிட்டேன். பெரும்பாலான 78 தட்டுல பாட்டு பக்கவாட்டு அசைவுல மட்டும்தான் இருக்கு, மேல கீழ அசைவு எல்லாம் வெறும் இரைச்சல், சேத்துக் கட்டுனா அந்த இரைச்சல் ஒண்ண ஒண்ணு அடிச்சுக்கும். செலவே இல்லாம கரகரப்பு பாதியாச்சு.

இப்ப வேகம். தட்டுல 78னு போட்டிருந்தாலும் பழைய காலத்துல எல்லாரும் 78ல பதியல, சில கம்பெனிங்க 80னே லேபிள்ல போட்டிருந்தாங்க, எழுதாமலே முன்ன பின்ன பதிஞ்சவங்களும் உண்டு. நம்ம மெயின்ஸ் 50 ஹெர்ட்ஸ், நியான் பல்பு அதுல செகண்டுக்கு 100 தடவ மின்னும், நிமிசத்துக்கு 6000. ஒரு வட்டப் பேப்பர்ல 77 கோடு போட்டு சுத்த விட்டு, அந்த வெளிச்சத்துல கோடு நின்ன மாதிரி தெரிஞ்சா வேகம் 77.92. 75 கோடு நின்னா சரியா 80. 79 கோடு நின்னா 75.95. நான் 73ல இருந்து 80 கோடு வரைக்கும் எட்டு வட்டம் பிரிண்ட் போட்டு லேமினேட் பண்ணிக் குடுத்தேன். இப்ப வர்ற எல்ஈடி பல்புல பலது மின்னாது, அதுல பாத்தா எதுவும் நிக்காது, அதனால ஒரு சின்ன நியான் இண்டிகேட்டர ஒயரோட சேத்து குடுத்துட்டேன்.

மெஷின எடுக்க வந்த அன்னைக்கு ஐயா ஒரு நாடகப் பாட்டுத் தட்டையும் கொண்டு வந்தாரு, லேபிள் உரிஞ்சு போயி பாடுனவர் பேரே தெரியல. ஆனா பின்னால ஆர்மோனியம் இருந்துச்சு. ஆர்மோனியம் இருந்தா பிடிச்சுக்கலாம், ஏன்னா அதுல கட்டை எல்லாம் நிலையானது, பாடறவங்க மாதிரி கொஞ்சம் ஏத்தி எறக்கி வச்சுக்க முடியாது. போன்ல சுருதி வச்சுப் பாத்தோம். 77 கோட்டுல ஓட்டுனா ரெண்டு கட்டைக்கு நடுவுல அந்தரத்துல நிக்குது. 75 கோட்டுக்கு ஏத்துனா மேல் கட்டைல உக்காருது, 79 கோட்டுக்கு எறக்குனா கீழ் கட்டைல உக்காருது. ரெண்டும் கணக்குப்படி சரி. அந்த ஆர்மோனியமே நம்ம இன்னைக்கு சுருதிக்கு இருந்துச்சான்னும் கேள்வி இருக்கு. நான் கணக்கோட நின்னுட்டேன். ஐயா கண்ண மூடிக்கிட்டு லிவர அந்தப் பக்கம் இந்தப் பக்கம் ரெண்டு மூணு தடவ நகத்திட்டு, "கீழ வச்சா இவன் கிழவன் மாதிரிக் கிடக்கு. இது இளந்தாரிக் குரல். மேலயே விடுங்கோ" அப்படின்னாரு. 80ல விட்டோம். அது சரியாத்தான் இருக்கணும்னு எனக்கும் பட்டுச்சு, அந்தக் குரலோட எழுத்துக்கள் அந்த வேகத்துலதான் வாய் அசைவோட பொருந்துன மாதிரி இருந்துச்சு.

இன்னொரு தட்டு மனச கஷ்டப்படுத்துச்சு. பேரன் தாத்தாவுக்கு உதவி பண்றேன்னு ஒரு தட்ட ஸ்பிரிட் வச்சு துடைச்சிருக்கான். எல்பின்னா தப்பிச்சிருக்கும். 78 தட்டு செல்லாக், அதாவது அரக்கு, ஸ்பிரிட்ல கரையற பொருள், நம்ம தச்சருங்க மேசைக்கு பாலிஷ் போட அதையேதான் ஸ்பிரிட்ல கரைச்சு எடுப்பாங்க. ஒரு பக்கம் முழுக்க பள்ளம் மழுங்கி மங்கலாயிடுச்சு. புள்ளைய திட்டவும் முடியாது. 78 தட்டு வச்சிருக்கற வீட்ல எல்லார்கிட்டயும் சொல்லி வைங்க, ஸ்பிரிட், சானிடைசர், சென்ட் எதுவும் கிட்டயே போகக்கூடாது, வெறும் தண்ணில ஒரு சொட்டு மிருதுவான சோப்பு, லேபிள் நனையாம, உடனே துடைச்சு காய வைக்கணும், அவ்ளோதான்.

கடைசியா தோடியப் போட்டோம். பஞ்சமத்துல நீட்டி நிக்கிற எடம் வந்துச்சு, சாக்பீஸ் கோட்ட பாத்துட்டே எண்ணத் தயாரா விரல வச்சிருந்தேன், எண்ண எதுவுமில்ல. ஐயா ஒண்ணும் பேசல, பக்கம் முடிஞ்சு முள்ளு உள் பள்ளத்துல ஓடிட்டு இருக்கறப்பவும் எந்திரிக்கல, நான்தான் ஆர்ம தூக்கி வச்சேன்.

ஆறு மாசம் கழிச்சு ஒரு தடவ வீட்டுக்குப் போயி ஆர்ம கழட்டி பாத்தேன். டெல்ரின் பள்ளத்துல விளிம்பு உக்காந்த எடத்துல முடி மாதிரி ஒரு கோடு, தேய்மானம்னு சொல்ல முடியாது. அதே நீளத் துண்டுல இன்னொரு ஜோடியும் அப்பவே வெட்டி வச்சிருந்தோம், அத ஒரு கவர்ல போட்டு, அளவு எழுதுன வரைபடத்தையும் ரப்பர் கடினத்தையும் எழுதி, பெட்டிக்கு உள்பக்கம் ஒட்டியிருக்கேன். அடுத்து யாரு திறக்கறாங்களோ அவங்களுக்கு அது கெடைக்கும். ஐயா ஒரு நோட்டு போட்டிருக்காரு, தட்டு நம்பர், பாட்டு, எத்தன கோட்டுல ஓட்டணும்னு வரிசையா. இதுவரைக்கும் நாப்பத்தியோரு தட்டுக்கு எழுதி முடிச்சாச்சு. மிச்சத்துல ரெண்டு விரிசல் விட்டது, அதுல மட்டும் முள்ளு வைக்க வேண்டாம்னு சொல்லி தனியா எடுத்து வச்சுட்டு வந்திருக்கேன்.